அரபு ‘ளாத்’ எழுத்தும் தமிழ் முஸ்லிம்களின் ஒலிப்பு மரபும்

ளாத் என்பது அரபு நெடுங்கணக்கில் உள்ள 28 எழுத்துகளுள் ஒன்று. தமிழில் இதன் பெயரை ளாத், ழாத், லாத், ஸாத், தாத் எனப் பலவாறு எழுதுகின்றனர். ரமலான், ரமளான், ரமழான், ரம்ஜான், ரமதான் என்று ஒரே மாதத்தின் பெயர் ஐந்து விதமாக எழுதப்படுவதற்கும் இந்த ஓர் எழுத்தே காரணம். திருக்குர்ஆன் ஓதுதலிலும் தொழுகையிலும் இதனை எவ்வாறு ஒலிப்பது என்பது பல நூற்றாண்டுகளாக அரபு இலக்கணிகளும் மார்க்கச் சட்ட அறிஞர்களும் ஆராய்ந்துவரும் செய்தியாகும். தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் இவ்வெழுத்து ‘ள’கர, ‘ழ’கரச் சாயலுடன் வழங்குவது, பிழை என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாத வரலாற்றுப் பின்னணி உடையது.

கம்பம் பள்ளத்தாக்கில்

தேனி மாவட்டம் 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு இதில் அடங்கும். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இச்சமூகத்தவரின் கல்விப் பணிக்கு எடுத்துக்காட்டு. சட்ட மரபில் ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கீழைக்கடற்கரை மரைக்காயர்களும், குமுளி வழியே மலையேறினால் வரும் கேரளத்தின் மாப்பிள்ளை முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகின்றனர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உருது பேசும் முஸ்லிம்கள் மிகுதி.

இவ்வாறு தமிழ், மலையாளம், உருது ஆகிய மூன்று மொழி மரபுகளின் செல்வாக்கும் பள்ளத்தாக்கை எட்டியுள்ளது. அதனால் ளாத் எழுத்தின் வெவ்வேறு ஒலிப்புகளை இங்கு ஒரே குடும்பத்திலும் கேட்கலாம். பாட்டனார் கடமையான தொழுகையைப் ‘பர்ளு’ என்றும், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவதை ‘ஒளு’ என்றும் சொல்வார். உருது வழி படித்த ஆசிரியர் ‘ஃபர்ஸ்’, ‘வுஸூ’ என்பார். ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஓதப் பழகிய பேரன் ‘ஃபர்த்’, ‘வுதூ’ என்பான். மூவரும் சொல்வது ஒரே அரபு எழுத்தைத்தான். ஓதிக்கொடுக்கும் ஆசிரியரைக் குறிக்கும் ‘ஹழ்ரத்’, ‘ஹஜ்ரத்’, ‘அசரத்து’ என்னும் வடிவங்களிலும் மறைந்திருப்பது இதே ளாத்.

பொருள் மாறும் இடம்

திருக்குர்ஆனின் முதல் அத்தியாயமான சூரத்துல் ஃபாத்திஹாவைத் தமிழ்நாட்டில் ‘அல்ஹம்து சூரா’ என்பர். ஒரு நாளின் ஐந்து வேளைக் கடமைத் தொழுகைகளில் மொத்தம் 17 ரக்அத்துகள் உள்ளன. இவற்றில் ஓதப்படும் சூரா இதுவே. இதன் இறுதிச் சொல் ‘ளால்லீன்’ என்பது. ‘வழி தவறியவர்கள்’ என்பது அதன் பொருள். அவர்களுடைய வழியில் எங்களைச் செலுத்தாதே என்று இறைவனிடம் வேண்டும் இடம் அது.

இச்சொல்லின் முதலெழுத்து ளாத். அதற்குப் பதிலாக ‘தால்’ எழுத்தை ஒலித்தால் சொல் ‘வழி காட்டுபவர்கள்’ என்று பொருள்படும் சொல்லாகிவிடும். அதாவது வேண்டுதலே தலைகீழாகிவிடும். ‘ளா’ (சிலர் ‘ழா’ என்பர்) என்னும் வேறோர் எழுத்தை ஒலித்தால் ‘ஒரு நிலையிலேயே இருந்துவிடுபவர்கள்’ என்ற பொருள் வரும். தமிழில் தலை, தளை, தழை என்னும் சொற்களின் வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதன் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. நாளுக்குப் பலமுறை, வாழ்நாள் முழுவதும் சொல்லப்படும் வேண்டுதல் என்பதால், தன் தொழுகை ஏற்கப்படுகிறதா என்ற கவலை இந்த ஓர் ஒலியோடு இணைந்துவிட்டது.

இலக்கணிகள் கூறும் பிறப்பிடம்

அரபு இலக்கணத்தின் முதல் பெருநூலை இயற்றிய ஸீபவைஹி 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பாரசீகத்தைத் தாயகமாகக் கொண்டவர். ஒவ்வோர் எழுத்தும் வாயில் பிறக்கும் இடத்தை (மக்ரஜ்) அவர் வரிசைப்படுத்தினார். ளாத் பற்றி அவர் தரும் விளக்கம் இது: நாவின் பக்க விளிம்பு, அதனை அடுத்துள்ள கடைவாய்ப் பற்களோடு பொருந்தும் இடத்தில் இவ்வொலி பிறக்கிறது. பின்னால் எழுந்த தஜ்வீத் நூல்கள், நாவின் இடப்புறத்தில் இதனை ஒலிப்பதே பெரும்பாலோர்க்கு எளிது என்றும், வலப்புறத்தில் ஒலிப்பது கடினம் என்றும் கூறுகின்றன. நா விளிம்பில் ஒலி நீண்டு செல்லுவதால் ‘நீட்சி’ என்னும் தனிப் பண்பும் இவ்வெழுத்துக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது.

ஒலியியலில் இத்தகைய ஒலி பக்கவொலி எனப்படும். நாவின் பக்கங்களில் காற்று வெளியேறப் பிறக்கும் தமிழின் ல, ள ஆகியவை பக்கவொலிகளே. தொல்காப்பியத்தின் பிறப்பியலும் ல, ள இரண்டுக்கும் நா விளிம்பையே குறிக்கிறது. நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றினால் லகரமும், வருடினால் ளகரமும் பிறக்கும் என்பது அதன் கருத்து. ஒருவரை ஒருவர் அறியாத இரு இலக்கண மரபுகள், ஏறத்தாழ ஒரே உறுப்பைச் சுட்டுகின்றன. எனினும் இரண்டும் ஒரே ஒலி அல்ல. ளாத் கடைவாய்ப் பல்லருகே பிறக்கும் கனத்த ஒலி; ளகரம் அண்ணத்தில் பிறக்கும் மெல்லிய ஒலி. அரபு ஒலியைக் கேட்ட தமிழ்ச் செவி, தன்னிடம் இருந்த எழுத்துகளில் அதற்கு மிக நெருங்கியதைத் தேர்ந்துகொண்டது எனலாம்.

பழைய ளாத் பிற மொழியினருக்கு அரிதான ஒலி என்பதால், அரபியர் தங்கள் மொழியை ‘ளாத் மொழி’ என்று பெருமையுடன் அழைத்தனர்.

கடல்வழி வந்த ஒலி

பழைய ளாத்தின் பக்கவொலித் தன்மை அரபு வணிகம் சென்ற நாடுகளின் சொற்களில் பதிந்துள்ளது. ஸ்பெயினில் நகரத் தலைவரைக் குறிக்கும் ‘அல்கால்தே’ என்னும் சொல், நீதிபதியைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘அல்காளீ’யிலிருந்து வந்தது. ளாத் இருந்த இடத்தில் அங்கு ‘ல்த’ என இரு ஒலிகள் நிற்கின்றன. மலாய் மொழியில் ‘வேண்டியது, தேவை’ என்னும் பொருளில் வழங்கும் ‘பெர்லு’, அரபு ‘ஃபர்ள்’ என்பதன் திரிபு. ‘மனமுவந்து’ என்னும் பொருளுடைய ‘ரெலா’, ‘ரிளா’ என்பதன் திரிபு. நண்பகல் தொழுகையை மலாய்க்காரர் ‘லோஹோர்’ என்கின்றனர். தமிழின் பர்ளுவும் மலாயின் பெர்லுவும் உடன்பிறந்த சொற்களாகவே தோன்றுகின்றன.

தென்னரேபியத் துறைமுகங்கள், மலபார், காயல்பட்டினம், சுமத்திரா, சாவகம் ஆகியவை ஒரே கடல் வணிக வலையில் இணைந்திருந்தவை. ஷாஃபி சட்ட மரபும் பெரும்பாலும் இவ்வழியே பரவியது. யமன் மற்றும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதிப் பேச்சுகள் சிலவற்றிலும், தென்னரேபியாவின் மஹ்ரி, சுகுத்ரி மொழிகளிலும் பக்கவொலிகள் இன்றும் உள்ளன. மலையாளத்தில் ‘றமளான்’, ‘காளி’ என்ற வடிவங்களும் இலங்கைத் தமிழில் ‘றமழான்’, ‘ரிழ்வான்’ என்ற வடிவங்களும் வழங்குவது இதனோடு பொருந்துகிறது.

கம்பம் பள்ளத்தாக்கு ராவுத்தர்கள் சட்ட மரபில் கடற்கரையினரிடமிருந்து வேறுபட்டவர்கள். கடலிலிருந்து தொலைவில் வாழ்பவர்கள். ஆயினும் பர்ளு, ஒளு என்றே அவர்களும் கூறுகின்றனர். சமயச் சொற்கள் மத்ஹபின் வழியே மட்டுமல்லாமல் தாய்மொழியின் வழியாகவும் பரவியதை இது காட்டுகிறது.

அரபுத் தமிழ் தரும் சான்று

அரபு எழுத்துகளால் தமிழை எழுதும் முறை அரபுத் தமிழ் அல்லது அர்வி எனப்படும். காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் ஆலிம்கள் இதில் பல நூல்களை இயற்றினர். கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இவர்களுள் புகழ்பெற்றவர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளை எழுத, இருக்கும் அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். டகரத்துக்குத் தால் எழுத்தின் கீழ் ஒரு புள்ளி. ணகரத்துக்கு நூன் எழுத்தின் கீழ் ஒரு புள்ளி.

ளகர, ழகர வகை ஒலிக்கு அவர்கள் லாம் எழுத்தை எடுத்துக்கொள்ளாமல், ளாத் எழுத்தின் கீழ் ஒரு புள்ளி இட்டனர். அரபு கற்றுத் தேர்ந்த ஆலிம்களின் செவியிலும் ளாத் எழுத்துக்கு அண்மையான தமிழொலியாக ளகர, ழகரங்களே இருந்தன என்பதற்கு இது எழுத்துச் சான்று. பாமர மக்களின் நாக்குழறலே ‘பர்ளு’வை உண்டாக்கியது என்ற கருத்து இதனால் வலுவிழக்கிறது.

தமிழ் இலக்கணப்படி ளகரமும் ழகரமும் சொல்லுக்கு முதலில் வாரா. ‘ளுஹர்’ என்று நூல்களில் எழுதப்பட்டாலும், பேச்சில் அது ‘லுகர்’ ஆனது இந்த இயல்பினாலேயே. ‘ரமளான்’ என்பது ‘ரமலான்’ எனப் பொதுத்தமிழில் நிலைபெற்றதும் இதே போக்கின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கது.

நிலவழி வந்த ஒலி

பாரசீக மொழியில் ளாத், ளா, ஸே, தால் வகை எழுத்துகள் சில, எழுத்தில் வேறுபட்டாலும் ஒலியில் ஒன்றாகி, அதிர்வுடைய ஸகரமாக ஒலிக்கின்றன. உருதுவும் அதனையே பின்பற்றியது. தில்லி, தக்காண அரசுகளின் ஆட்சிமொழி பாரசீகம் ஆதலால், ஆட்சி சார்ந்த சொற்கள் அந்த ஒலியோடு தமிழுக்கு வந்தன. அவ்வொலிக்குத் தமிழில் எழுத்து இல்லாமையால் ஜகரம் பயன்பட்டது. காஜி, ரம்ஜான், ஹஜ்ரத் ஆகியவை இவ்வாறு வந்தவை. தமிழ்நாட்டில் ‘தலைமை காஜி’ ‘ரமலான்’ பிறையை அறிவிக்கிறார் என்னும் செய்தித் தொடரில், நிலவழி வந்த ஒலியும் கடல்வழி வந்த ஒலியும் அருகருகே நிற்கின்றன.

மதரஸாக் கல்வியும் இந்த ஒலிப்பைப் பரப்பியது. 19ஆம் நூற்றாண்டில் வேலூரில் நிறுவப்பட்ட பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் பயின்றனர். அங்கு அரபு நூல்களை உருதுவில் விளக்கிப் பாடம் சொல்லும் மரபு நெடுங்காலம் இருந்தது. வட இந்தியாவிலோ, ளாத்தை ஸகரம்போல ஒலிப்பதா, கனத்த தகரம்போல ஒலிப்பதா என்று மார்க்க அறிஞர்களிடையே நீண்ட விவாதங்கள் நடந்தன.

ஒலிப்பதிவுக் காலம்

எகிப்தியக் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ 1961இல் திருக்குர்ஆன் முழுவதையும் நிறுத்தி ஓதும் முறையில் ஒலிப்பதிவு செய்து முடித்தார். இவ்வகையில் வெளிவந்த முதல் முழுமையான பதிவு அதுவே. வானொலி, ஒலிநாடா, பின்னர் கைப்பேசி ஆகியவற்றின் வழியே எகிப்திய ஓதல் முறை உலகெங்கும் பரவியது. எகிப்தில் ளாத், தொண்டை இறுகி வரும் கனத்த தகரமாக ஒலிக்கப்படுகிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்று திரும்பியவர்களும் அங்குக் கேட்ட ஓதலைக் கொண்டுவந்தனர். ‘ரமதான்’ என்னும் எழுத்து வடிவம் தமிழில் பெருகியது இக்காலத்தில்தான்.

இந்த ஒலிப்பு அரபு நாட்டிலிருந்து வருவதால் அதுவே ஆதி ஒலி என்று பலர் கருதுகின்றனர். ஸீபவைஹி விவரித்த பக்கவொலியும் இதுவும் ஒன்றல்ல. பழைய பக்கவொலி அரபு நகரங்களின் பேச்சிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. கனத்த தகரத்தில் கனத்தைக் கைவிட்டு, வெறும் ‘த’ என்று தமிழ் நாவில் சொன்னால், முன்னர்க் காட்டிய தால் எழுத்தின் பொருள் மாற்றம் ஏற்படும் அபாயமும் உண்டு.

சட்ட நூல்களின் நிலைப்பாடு

இச்சிக்கல் அரபு நாடுகளிலும் பழமையானது. தஜ்வீத் கலையின் பேரறிஞர் இப்னுல் ஜஸரீ (1350–1429), மக்களின் நாவுக்கு ளாத்தைப்போல் கடினமான எழுத்து வேறில்லை என்று குறிப்பிட்டு, தம் காலத்தில் கேட்ட பிழை ஒலிப்புகளை வகைப்படுத்தினார். சிலர் அதனை ‘ளா’ ஆக்கினர். சிலர் தாலோடு கலந்தனர். சிலர் ஸகரச் சாயல் தந்தனர். ஆப்பிரிக்கக் கொம்பின் ஸைலா துறைமுகத்தாரும் அவர்களை ஒத்தவர்களும் கனத்த லாமாக ஒலித்தனர். இன்று தமிழகத்தில் கேட்கும் ஒலிப்புகள் ஏறத்தாழ அனைத்தும் இந்தப் பட்டியலில் உள்ளன. அவர் இவற்றுள் எதனையும் சரியென ஏற்கவில்லை. உரிய இடத்தில் ஒலிக்க இடைவிடாது பயிலவேண்டும் என்றார்.

பயிற்சியை வற்புறுத்திய அதே மரபு, இயலாதவருக்கு இடமும் அளித்தது. திருக்குர்ஆன் விரிவுரையாளர் ஃபக்ருத்தீன் ராஸீ (இறப்பு 1210), ளாத்துக்கும் ளாவுக்கும் உள்ள வேறுபாடு நுண்மையானது. அதனால் இரண்டும் கலந்துவிடுவது தொழுகையைக் கெடுக்காது என்று வாதிட்டார். இப்னு கஸீர் (இறப்பு 1373) தம் விரிவுரையில் ஃபாத்திஹா சூராவின் இறுதிச் சொல்லை விளக்குமிடத்தில், இவ்விரு எழுத்துகளின் பிறப்பிடங்கள் நெருங்கியிருப்பதால் அக்குறை மன்னிக்கப்படும் என்பதே அறிஞர்களின் சரியான கருத்து என்கிறார்.

ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி சட்ட நூல்களில் ‘ஓதுபவரின் பிழைகள்’ என்றே ஒரு தனிப்பகுதி உண்டு. 12ஆம் நூற்றாண்டின் ஃபதாவா காளிகானிலும், ஔரங்கசீப் காலத்து ஃபதாவா ஆலம்கீரியிலும் இது விரிவாக உள்ளது. எளிதில் வேறுபடுத்தக்கூடிய எழுத்துகளை மாற்றிப் பொருளைக் கெடுத்தால் தொழுகை கெடும். சிரமப்பட்டே வேறுபடுத்தக்கூடிய எழுத்துகளில், அதாவது ளாத்–ளா, ஸாத்–ஸீன் போன்றவற்றில், பெரும்பாலான அறிஞர்கள் கெடாது என்கின்றனர். தெரிந்தே மாற்றி ஓதுவது கூடாது. கற்க முடிந்தவர் கற்கும் முயற்சியைக் கைவிடலாகாது. தடுமாறித் தடுமாறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரட்டை நன்மை உண்டு என்னும் நபிமொழி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

எபிரேய வேத வாசிப்பில்

இதற்கு இணையான சிக்கலை யூத சமயத்திலும் காணலாம். கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே, மலைக்கு அப்பால் உள்ள கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளி உள்ளது. அங்குத் தோரா எபிரேயத்தில் வாசிக்கப்பட்டது. எபிரேயம் அரபியின் உறவுமொழி. ‘பூமி’ என்பதற்கான அரபுச் சொல்லில் ளாத் உண்டு (அர்ள்). எபிரேயத்தில் அது ‘ட்ஸ’ போன்ற ஒலியாகி ‘எரெட்ஸ்’ என்றும், அரமேயத்தில் தொண்டையொலியாகி ‘அர்ஆ’ என்றும் ஆனது.

யூதர்களின் சட்டக் களஞ்சியமான தல்மூத், ஹைஃபா, பேத் ஷெயான், திவோன் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்களைத் தொழுகை நடத்த அனுப்ப வேண்டாம் என்கிறது. ‘ஆலெஃப்’, ‘அயின்’ என்னும் இரு எழுத்துகளை அவர்கள் ஒன்றுக்கொன்று மாற்றி ஒலித்ததே காரணம். 16ஆம் நூற்றாண்டின் ‘ஷுல்ஹான் அரூக்’ என்னும் சட்டநூலும், இவ்வாறு மாற்றி ஒலிக்கும் குருமார் ஆசி கூறலாகாது என்கிறது. அதன் உரையாசிரியர்களோ, ஊரார் அனைவருமே அப்படி ஒலிக்கும் இடத்தில் தடையில்லை என்று விளக்கினர். இரு சமயங்களிலும் விதியின் கண்டிப்பும் மக்களின் நாவும் மோதியபோது, அறிஞர்கள் விதியைக் கைவிடவில்லை, மக்களையும் கைவிடவில்லை.

இன்றைய நிலை

தமிழகத்தின் மதரஸாக்களில் இன்று தஜ்வீத் பயிற்சி பரவலாகியுள்ளது. ளாத்தை நா விளிம்பிலிருந்து ஒலிக்கக் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஓதுதலில் இம்முயற்சி மரபு சார்ந்ததும் தேவையானதும் ஆகும். தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஓதல் நூல்கள் இதற்கு ஓரளவே உதவும். ‘கல்பு’ என்று தமிழில் எழுதினால் அது இதயமா, நாயா என்று தெரியாது. அரபியில் அவை முதலெழுத்து வேறான இரு சொற்கள். ஆசிரியரின் வாய் பார்த்து, செவி கேட்டுக் கற்பதே இதற்கு வழி.

ஓதுதலில் வரும் ளாத் வேறு; தமிழ்ச் சொற்களாகிவிட்ட பர்ளு, ஒளு, ரமலான் ஆகியவற்றில் வரும் ளாத் வேறு. முன்னதைத் திருத்திக்கொள்ளலாம். பின்னது தமிழின் சொல்வளமாகவும் வரலாற்றுச் சான்றாகவும் ஆகிவிட்டது. ‘ஒளு’ என்று சொல்லும் முதியவரை இளையவர்கள் அரபு அறியாதவர் என்று திருத்த முற்படுவதும், அதனால் முதியவர்கள் தம் தொழுகையையே ஐயுறுவதும் உண்டு. அவர் நாவில் உள்ளது கடல்வழி வந்து, ஆலிம்களின் அரபுத் தமிழ் எழுத்திலும் பதிவான ஒலிப்பு. அரபு நகரங்கள் ஏறத்தாழ இழந்துவிட்ட பழைய பக்கவொலியின் சாயல், கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் அன்றாடப் பேச்சில் இன்னும் கேட்கிறது.